செந்தேள் குறிப்புகள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடிப் பக்கம் தேள் பேச்சு எழுந்தால் முதலில் வருவது நட்டுவாக்காலிதான். உள்ளங்கை நீளம், கன்னங்கரேல் என்ற உடம்பு, வெயில் பட்டால் லேசாகப் பச்சை அடிக்கும், முன்னால் நண்டுக்கு இருப்பதுபோல் பெருத்த இடுக்கிகள். அதைப் பார்த்தால் தெருவே கூடிவிடும். அடுப்படி மூலையில் விரல் நீளத்தில் ஒரு செந்தேள் ஓடினால், "சின்னதுதான், செருப்ப எடு" என்று அடித்துப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போவார்கள். பயம் இடம் மாறி நிற்கிறது. உயிரை எடுக்கக்கூடியது அந்தச் சின்னதுதான். இந்தக் குறிப்புகளை எழுத உட்கார்ந்ததே இந்த ஒன்றைச் சொல்லத்தான்.

*

அடையாளம் காண இரண்டு உறுப்புகளைப் பார்த்தால் போதும்: இடுக்கி, வால்.

இடுக்கி பெருத்து வால் மெலிந்திருந்தால் அது இரையைப் பிடித்து நசுக்கித் தின்கிற சாதி. விஷத்தை அவ்வளவாக நம்பி வாழ்வதில்லை. இடுக்கி ஒல்லியாக, வால் தடித்து இருந்தால் அதன் பலமெல்லாம் கொடுக்கில். நட்டுவாக்காலி முதல் வகை, செந்தேள் இரண்டாம் வகை. உலகத்துத் தேள் எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்திவிடாது. நம் மாவட்டத்து வீடுகளில் வருகிறவற்றைப் பிரித்தறிய இது போதும்.

நட்டுவாக்காலி கொட்டினால் வலிக்காது என்று அர்த்தமில்லை. நன்றாகவே கடுக்கும், வீங்கும். ஆனால் அதனால் உயிர் போவது மிக அரிது. பெரும்பாலும் வீட்டுக்குள் குடியிருக்கவும் வராது. வரப்பிலும் கரம்பிலும் பிறை வடிவ வாய் வைத்து வளை தோண்டி இருக்கும். வளையில் தண்ணீர் புகுந்தால்தான் திண்ணை ஏறும். இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இதன் உறவுகளில் ஒன்று 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். உலகின் மிகப் பெரிய தேள்களில் அது ஒன்று.

செந்தேள் 5 முதல் 9 சென்டிமீட்டர். பெயர்தான் செந்தேள், நிறம் எப்போதும் சிவப்பாக இருப்பதில்லை. வெளுத்த வைக்கோல் நிறத்திலும் உண்டு, செங்கல் நிறத்திலும் உண்டு, கரும்பழுப்பிலும் உண்டு. கால்கள் உடம்பைவிட வெளுத்திருக்கும். முதுகில் சொரசொரப்பான வரிகள் ஓடும், அவை சாம்பல் கலந்த கறுப்பு. வால் ஐந்து கணு, அதன் முனையில் உருண்ட விஷப்பை, அதிலிருந்து வளைந்த கொடுக்கு. டென்மார்க்கைச் சேர்ந்த பூச்சியியலாளர் ஃபேப்ரிசியஸ் 1798இல் இதை உலகத்துக்கு எழுதி அறிவித்தார். இன்றைக்கு அதன் அறிவியல் பெயர் ஹாட்டன்டோட்டா டாமுலஸ்.

*

மூன்றாவதாக ஒன்று உண்டு. சுவரிலும் ஓட்டுச் சட்டத்திலும் விறகிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு தேள். மங்கிய மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள், நீண்ட ஒல்லி இடுக்கி. கப்பல் சரக்கோடு உலகம் முழுக்கப் பரவிய இனம். கொட்டினால் ஒரு ராத்திரி தூக்கம் போகும், அதோடு சரி. ஆனால் குஞ்சுப் பருவத்துச் செந்தேளையும் இதையும் அவசரத்தில் பிரித்தறிய எவராலும் முடியாது. குழந்தையைக் கொட்டியது சிறுதேள் என்றால் செந்தேள் என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

பழைய கணக்கு நோட்டைப் பிரிக்கும்போது கடுகளவு ஒன்று இரண்டு இடுக்கியை நீட்டிக்கொண்டு பின்பக்கமாக ஓடும். அது தேளே அல்ல. வாலும் கிடையாது, கொடுக்கும் கிடையாது. புத்தகத்தை அரிக்கும் பூச்சிகளைத் தின்று நமக்கு நல்லது செய்கிறது. விட்டுவிடலாம்.

*

புதுக்கோட்டைச் சீமைக்கும் தேளுக்கும் இருக்கும் நெருக்கம் மண்ணிலிருந்து வருகிறது. காய்ந்த செம்மண், பொந்தும் பொடவுமாகக் கிடக்கும் செம்புராங்கல், நார்த்தாமலை தொடங்கித் திருமயம் வரை நிலத்தைக் கிழித்துக்கொண்டு நிற்கும் பாறைகள். பகலில் ஒளிய நிழலும் ராத்திரி வேட்டையாடப் பூச்சியும் இங்கே குறைவில்லை. கந்தர்வகோட்டைப் பக்கம் செம்புராங்கல்லை அடுக்கி, மேலே பூசாமல் விட்ட சுவர்கள் நிறைய. அந்தக் கல்லில் இயற்கையாகவே விரல் நுழையும் துளைகள் இருக்கும். அழகான சுவர்தான். ஆனால் உட்பக்கத்தை மட்டுமாவது பூசிவிட வேண்டும் என்று வீடு கட்டுகிறவர்களிடம் பார்க்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

மற்றபடி தேள் எங்கே இருக்கும் என்று கேட்டால், நாம் கை வைத்துப் பார்க்காமல் எடுக்கும் இடத்தில் எல்லாம். விறகு அடுக்கின் அடி வரிசை. வறட்டிக் குவியல். வீடு கட்ட வாங்கி ஆறு மாதமாகக் கிடக்கும் செங்கல். கீற்றுக் கொட்டகையின் இணுக்கு. சுருட்டி மூலையில் சாத்திய பாய். தரையில் கிடக்கும் ஈரச்சாக்கு. வாசலில் விட்ட செருப்பைவிடப் பள்ளிக்கூட ஷூ மோசம், உள்ளே இருட்டாக இருக்கும், சனி ஞாயிறு முழுக்க ஆடாமல் கிடக்கும். திங்கட்கிழமை காலை அதைக் கவிழ்த்துத் தட்டிப் போட்டுக்கொள்ளப் பிள்ளைகளைப் பழக்கிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

குளியலறைச் சலதாரைத் துவாரத்துக்குச் சல்லடை மூடி. கதவுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தால் அந்த வழியே தேள் வரும், அங்கே ரப்பர் பட்டை. கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுவது. தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சொருகிக்கொள்வது. வாசல் விளக்கு பூச்சியை இழுக்கும், பூச்சி தேளை இழுக்கும். அடுப்படியில் கரப்பான் பெருகியிருந்தால் தேளுக்கு விருந்து வைத்த மாதிரி.

*

மருந்து அடிப்பது பற்றி. தேள் தன் உடம்பைத் தூக்கி, கால் நுனியால் நடக்கிறது. தரையில் தெளித்த மருந்து அதன் மேல் சரியாக ஒட்டுவதில்லை. மாதக்கணக்கில் தின்னாமல் கிடக்கவும் அதனால் முடியும், பட்டினி போட்டும் விரட்ட முடியாது. மருந்து கரப்பானைக் கொல்லும், அந்த வகையில் மறைமுகமாக உதவும், அவ்வளவே. வாசலைச் சுற்றி மண்ணெண்ணெய் ஊற்றுவதும் பூண்டை நசுக்கி வைப்பதும் மனசு ஆறுதலுக்குத்தான். கொல்லையில் நாலு நாட்டுக்கோழி மேய்ந்தால் அதைவிட நல்ல காவல் கிடையாது. கோழி தேளைக் கொத்தும் வேகத்தை நின்று பார்க்க வேண்டும். முதல் கொத்து வாலுக்கு.

*

கள்ள நோட்டுப் பார்க்கக் கடைகளில் வைத்திருக்கும் ஊதா லைட்டை இரவில் தேள் மேல் அடித்தால் அது பச்சையும் நீலமுமாக ஒளிரும். தோலில் இருக்கும் சில வேதிப்பொருட்கள் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுக்கின்றன. செத்த தேளும் ஒளிரும். புதிதாகத் தோல் உரித்தது மட்டும், தோல் இறுகும்வரை ஒளிராது.

இது வேடிக்கைக்கான செய்தி மட்டும் இல்லை. முந்நூறு நானூறு ரூபாய் டார்ச் ஒன்று இருந்தால், படுக்கப் போகும் முன் சுவரோரம், கட்டிலடி, விறகு அடுக்கு என்று ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். சாதாரண டார்ச்சில் செம்மண் தரையோடு தரையாகக் கிடக்கும் செந்தேள் இதில் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். அந்த ஒளியைக் கண்ணில் அடிக்கக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கொடுக்க வேண்டும். சுய உதவிக் குழுக்கள் தெருவுக்கு ஒன்று வாங்கி வைத்தால்கூட நல்லது.

*

கொட்டினால் என்ன செய்கிறோம்? சுண்ணாம்பு தடவுகிறோம். வெங்காயத்தை வெட்டித் தேய்க்கிறோம். தீக்குச்சி மருந்தைக் குழைத்துப் பூசுகிறோம். கயிற்றால் கட்டுகிறோம். பிளேடால் கீறுகிறோம். வேப்பிலை அடித்து மந்திரிக்க ஆள் தேடிப் போகிறோம். "நெறி கட்டிருச்சு, விஷம் ஏறிக்கிட்டு இருக்கு" என்று ஒருவர் சொல்ல, "மந்திரிச்சதும் இறங்கிருச்சு" என்று இன்னொருவர் சொல்வார்.

மந்திரிப்பவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் நினைக்கவில்லை. எனக்குத் தெரிந்தவர்கள் காசு வாங்குவதில்லை, நடு ராத்திரியில் எழுப்பினாலும் முகம் சுளிப்பதில்லை. தேள் கொட்டிய பெரியவர்களில் பெரும்பாலோருக்கு வலி மட்டும்தான், சில மணி நேரத்தில் தானாகவே தணியும். அந்த நேரத்தில் யார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாரோ அவருக்குப் பெயர் கிடைக்கிறது. விஷம் முழுதாக இறங்கிய ஒரு குழந்தைக்கு அதே நேரம் அங்கே செலவானால்தான் விபரீதம்.

*

அந்த விபரீதம் எப்படித் தொடங்கும் என்று ஒருமுறை அருகில் இருந்து பார்த்தேன். கடலை பிடுங்கும் காலம். ஆய்கிற இடத்தில், குவித்து வைத்த செடியில் இருந்து வந்திருக்க வேண்டும். ஐந்து வயசுப் பையனைக் கால் பெருவிரலில் கொட்டியது. வீறிட்டான். எதையோ தடவினார்கள். அரை மணி போனதும் அழுகை நின்றது. அவன் அப்பத்தா என்னைப் பார்த்து, "ஏப்பா, வலி நின்னுபோச்சு, பய அசந்துட்டான்" என்றார், நிம்மதியாக.

பையன் அசரவில்லை. சட்டை பிழியலாம் போல நனைந்திருந்தது, அவ்வளவு வியர்வை. நெற்றியைத் தொட்டால் சில்லென்று இருந்தது, கையும் காலும் அதைவிடக் குளிர்ச்சி. வாயோரம் எச்சில். இரண்டு தடவை வாந்தி எடுத்தான். கழுத்துக் குழியில் நாடி துடிப்பது வெளியே தெரிந்தது. 108க்குப் போன் போட்டு, வண்டி வந்து, ஏற்றிக்கொண்டு போனார்கள். பிழைத்துவிட்டான். இப்போது நன்றாகப் படிக்கிறான்.

வலி நின்றால் நல்ல சகுனம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். செந்தேள் விஷயத்தில் இது தலைகீழாக இருக்கலாம். கொட்டிய இடம் மட்டும் கடுகடு என்று கடுத்துக்கொண்டு, உடம்பு மற்றபடி சாதாரணமாக இருந்தால் பெரும்பாலும் தப்பித்தோம். கடுப்பு அடங்கி, உடம்பு வேர்த்துக் குளிர்ந்தால் அதுதான் ஆபத்து. ஆண் பிள்ளைகளுக்குக் குறி விறைத்து நிற்பதும் இந்த விஷத்தின் அடையாளம். சொல்லக் கூச்சப்பட்டு மறைத்துவிடுகிறார்கள், டாக்டரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இருமல், நுரை, மூச்சிரைப்பு வந்துவிட்டால் நிலைமை முற்றிவிட்டது என்று பொருள்.

*

விஷம் உள்ளே என்ன செய்கிறது: நரம்புகளில் சோடியம் போய்வரும் வாசல்களை மூடவிடாமல் திறந்தே வைத்துவிடுகிறது. நரம்பு ஓயாமல் தூண்டப்படுகிறது. அட்ரினலின் வகைச் சுரப்புகள் வெள்ளமாகப் பாய்கின்றன. ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. கை கால் சில்லிட்டுப் போவது அதனால்தான். இறுகிய குழாய்களுக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயம் ஓய்ந்துபோகிறது, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. வளர்ந்த ஆளுக்கும் குழந்தைக்கும் கொடுக்கில் இருந்து இறங்கும் விஷம் ஒரே அளவுதான். பத்துப் பன்னிரண்டு கிலோ உடம்பு அதை எப்படித் தாங்கும்?

இதை முறியடித்த கதையை எல்லாப் பள்ளிக்கூடத்திலும் சொல்ல வேண்டும். மகாராஷ்டிராவில் கொங்கண் கரையை ஒட்டிய மஹாட் வட்டாரம், அங்கும் இதே செந்தேள். 1970களில் அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த இளம் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், தேள் கொட்டி வந்தவர்கள் நுரையீரலில் நீர் கோத்துச் சாவதைக் கண்ணால் கண்டார். படுக்கைக்குப் பக்கத்திலேயே இருந்து, வேர்வை எப்போது, வாந்தி எப்போது, ரத்த அழுத்தம் எவ்வளவு என்று ஒவ்வொருவருக்கும் குறித்து வைத்தார். 1982இல் அந்த அறிகுறிகளை லண்டன் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். முதலில் இறுகிய ரத்தக் குழாய்களைத் தளர்த்தும் ஒரு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றிப் பார்த்தார். அதற்கு இடைவிடாத கவனிப்பு வேண்டும், கிராமத்துக்கு ஒத்துவராது. பிறகு அதே வேலையைச் செய்யும் மாத்திரை ஒன்றைப் பிடித்தார். ரத்தக் கொதிப்புக்குக் கொடுக்கும் பிரசோசின். 1986இல் அதையும் லான்செட்டில் எழுதினார்.

பிரசோசினுக்கு முந்திய காலத்தில், நுரையீரலில் நீர் கோத்தவர்களில் நூற்றுக்கு 25 முதல் 30 பேர் இறந்தார்கள். அது வந்த பிறகு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே. சில ரூபாய் மாத்திரை. கிராமத்து டாக்டர் ஒருவர், பெரிய ஆய்வகம் எதுவும் இல்லாமல் இதைச் செய்தார். தேள் விஷமுறிவு மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் தேறுகிறார்கள் என்பதை 2011இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் காட்டினார். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். எனக்கு அவர் மேல் இருக்கும் மரியாதையைச் சொல்லி முடியாது.

நம் பக்கத்தில் ஜிப்மர் மருத்துவமனையின் குழந்தை மருத்துவர்களும் பிரசோசினைக் கொண்டு குழந்தைகளைக் காப்பாற்றிய அனுபவத்தை எழுதியிருக்கிறார்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் செந்தேள் உண்டு. அங்கே கொட்டுப்பட்டு வந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2015இல் வெளியானது. கடலுக்கு அந்தப் பக்கமும் இதே வேர்வை, இதே குளிர்ச்சி, இதே மாத்திரை.

மாத்திரையை வீட்டில் வாங்கி வைத்துக்கொண்டு நாமே கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ரத்த அழுத்தத்தைச் சட்டென்று இறக்கும் மருந்து அது. எடைக்குத் தக்க அளவு, படுத்த நிலையிலேயே வைத்திருப்பது, மணிக்கணக்கில் கண்காணிப்பது எல்லாம் அதோடு சேர்ந்தவை. ஆஸ்பத்திரியில் அது இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நம் வேலை.

*

கஜா புயல் வந்தது 2018 நவம்பர் 16. ஆலங்குடி, கறம்பக்குடி, கீரமங்கலம், வடகாடு என்று தென்னை எல்லாம் தலைகீழாய்ச் சாய்ந்து கிடந்தது. வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு சரிந்த வீடு, மட்டையும் கீற்றும் மலையாகக் கிடந்த வாசல், இருட்டு. தேளுக்கு அதைவிடத் தோதான நாட்கள் வேறு இருக்க முடியாது. நிவாரணப் பொருள் கொடுக்க வந்தவர்கள் அரிசி, போர்வை, மெழுகுவர்த்தி கொடுத்தார்கள், அவர்களுக்கு நன்றி. அடுத்த புயலுக்கு அந்தப் பையில் தடித்த கையுறை ஒரு ஜோடியும் டார்ச் ஒன்றும் சேர்க்க வேண்டும். விழுந்த மரத்தை அப்புறப்படுத்தியவர்கள் எல்லோரும் வெறும் கையோடுதான் செய்தார்கள்.

நூறு நாள் வேலையில் வரத்துவாரி வெட்டும் பெண்களுக்கும் இதே கதி. கல்லைப் புரட்டும்போது தன் பக்கமாக இழுத்துப் புரட்ட வேண்டும், அப்போது அடியில் இருப்பது எதிர்ப்பக்கம் ஓடும். இதை எனக்குச் சொன்னவர் அந்த வேலையில் முடி நரைத்த ஓர் அக்கா.

*

தேளைக் கும்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கர்நாடகத்தில் கோலாரம்மன் கோயிலில் தேளுக்கென்றே ஒரு தெய்வம் உண்டு, சேளம்மா. யாத்கிர் மாவட்டம் கந்தகூரில் நாகபஞ்சமி அன்று குன்றேறித் தேளைப் பிடித்துக் கையிலும் முகத்திலும் விட்டுக்கொள்கிறார்கள். அன்றைக்கு அது கொட்டாது என்பது நம்பிக்கை. பெரியவர்கள் தங்கள் கையில் விட்டுக்கொள்ளட்டும். குழந்தைகள் கையில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

*

கொட்டியவுடன் செய்ய வேண்டியவை குறைவு. சோப்புப் போட்டுக் கழுவலாம். ஐஸைத் துணியில் சுற்றி வைத்தால் கடுப்பு மட்டுப்படும். மோதிரம், கொலுசு, அரைஞாண் இறுக்கமாக இருந்தால் கழற்றிவிட வேண்டும். கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது வேண்டாம். குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். கொட்டிய நேரத்தைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு அது பெரிய உதவி. தேளைத் தேடிக்கொண்டு நேரத்தைக் கழிக்கக் கூடாது. கண்ணெதிரில் கிடந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம்.

*

அடிப்பதா விடுவதா? வீட்டுக்குள் வந்த செந்தேளை நான் அடித்துவிடுகிறேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. வால் நுனி நசுங்கியதா என்று பார்த்த பிறகுதான் அருகில் போக வேண்டும். முதுகில் வெள்ளை வெளேர் என்று குஞ்சுகள் அப்பியிருந்தால் உடனே அடிக்கக் கூடாது. தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது, முதல் தோல் உரிக்கும்வரை அவை தாய் முதுகிலேயே இருக்கும். அடித்தால் திசைக்கு ஒன்றாகச் சிதறி இண்டு இடுக்கில் புகுந்துவிடும். ஒரு வாளியைக் கவிழ்த்து மூடி, அடியில் அட்டையைச் சொருகி, மொத்தமாக வெளியே எடுத்துப் போய்விட வேண்டும். பிளாஸ்டிக் வாளியின் வழவழப்பான சுவரில் தேளால் ஏற முடியாது.

நட்டுவாக்காலியை அடிக்க மாட்டேன். நீளமான இடுக்கியால் தூக்கி வாளியில் போட்டு, கண்மாய்க் கரைக்கு அப்பால் கரம்பில் விட்டுவிட்டு வருவேன். போன மழைக்கு வந்ததை எதிர்வீட்டுத் தம்பி கேட்டு வாங்கி, அவனே கொண்டுபோய் விட்டான்.